சேமித்த பூசணி விதை ஏன் கெடுகிறது? பினாங்கு மழை மாதங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பினாங்கில் செப்டம்பரில் மழை பிடித்தால் நவம்பர் முடியும்வரை துணிகூட ஒழுங்காகக் காயாது. அந்த மாதங்களைக் கடந்து, டிசம்பர் கடைசியிலோ பொங்கல் கழித்தோ விதை ஊன்றலாம் என்று போத்தலைத் திறக்கும்போதுதான் விதை கெட்டுப்போன விஷயம் பலருக்குத் தெரியவரும். அக்கம்பக்கத்தில், கோயிலில், பாசாரில் என்று எங்கே பார்த்தாலும் என்னிடம் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் விதைக்கு என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடிய காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

குளிர் நாடுகளில் விதையைப் பனிக்காலம் முழுக்கச் சேமிப்பார்கள். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்தாலே விதை பிழைத்துவிடும். விதைப் பொட்டலத்தில் ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று அச்சடித்திருப்பது அந்த மாதிரி வீடுகளுக்குச் சரி. நம் பக்கம் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. உலர்ந்த இடம் என்று ஒன்று வீட்டில் இல்லை. ஒரு போத்தலுக்குள் நாம்தான் அதை உண்டாக்க வேண்டும்.

இந்தக் குறிப்பு பாசாரில் லாபு என்று விற்கும் மஞ்சள் பூசணிக்கு. வெண்பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் விதைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மா, பலா, ரம்புத்தான், டுரியான் விதைகளுக்குப் பொருந்தாது; அவற்றைக் காயவைத்தால் செத்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது: பத்து விதைச் சோதனை

போத்தலில் இருந்து பார்த்துப் பொறுக்காமல், கைக்கு வந்தபடி பத்து விதைகளை எடுங்கள். டிஷ்யூவை நனைத்து, சொட்டுச் சொட்டாக நீர் வடியாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். விதைகளை ஒன்றையொன்று தொடாமல் அதில் அடுக்கிச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை லேசாகத் திறந்தபடி சமையலறையில் வையுங்கள். ஏர்கோன் அறையில் வேண்டாம், குளிரில் முளைப்பு தாமதமாகும். பூசணி விதைக்கு அதிக ஈரம் ஆகாது. டிஷ்யூ சொதசொதவென்று இருந்தால் நல்ல விதையும் மூச்சுமுட்டி அழுகும். சோதனை தோற்றுப்போனதாகச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் தண்ணீரைக் கொட்டியவர்கள்தான்.

நம் வெப்பத்தில் நான்காம் நாள் முதல் வெள்ளை முனை தெரியும். எட்டாம் நாளோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

எட்டு அல்லது அதற்குமேல் முளைத்தால் விதையில் குறையில்லை. பிரச்சினை மண்ணிலோ ஊன்றிய விதத்திலோ இருக்கிறது, ‘மண்ணில் அழுகுகிறது’ தலைப்புக்குப் போங்கள். ஐந்து முதல் ஏழு என்றால் குழிக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போட்டு இந்தப் பருவத்திலேயே தீர்த்துவிடுங்கள். நான்கோ அதற்குக் கீழேயோ என்றால் இருப்பது எல்லாவற்றையும் உடனே ஊன்றுங்கள், முளைத்த செடியிலிருந்து புது விதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுகூட முளைக்கவில்லையா? கீழே ‘பார்க்க நன்றாக இருக்கிறது, முளைக்கவில்லை’ என்ற பகுதி உங்களுக்கு.

போத்தலின் உள்பக்கம் வியர்க்கிறது, விதைகள் ஒட்டிக்கொள்கின்றன

மற்றக் கோளாறுகளில் பலவும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன, அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். விதை முழுதாகக் காயவில்லை, அல்லது காய்ந்த விதை மறுபடி ஈரம் இழுத்துவிட்டது. இரண்டில் எது என்று முதலில் பிரிக்க வேண்டும்.

*விதை காயவில்லையா என்று பார்ப்பது*

ஒரு விதையை எடுத்து இரு கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து வளையுங்கள். காய்ந்த விதை வளையாது. ‘டக்’ என்று ஒடியும், உள்ளே பருப்பும் சேர்ந்து நேராக உடைந்திருக்கும். ஈர விதை ரப்பர் மாதிரி மடங்கும், ஓடு கீறினாலும் பருப்பு நாராகத் தொங்கும். சந்தேகமாக இருந்தால் ஓட்டை உரித்துப் பருப்பில் நகத்தை அழுத்துங்கள். நகம் பதிந்து தடம் விழுந்தால் ஈரம் இருக்கிறது. மேல்தோல் கண்ணாடித் தாள் போலச் சலசலத்து உரிவதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அது ஒரே நாளில் காய்ந்துவிடும்; பருப்பு காய வெகுநாள் ஆகும்.

விதையோடு உப்பைப் போட்டுக் குலுக்கி, உப்பு கட்டி தட்டாவிட்டால் காய்ந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். சமையல் உப்பு ஈரம் பிடிக்க ஆரம்பிப்பதே சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில்தான். பூஞ்சணத்துக்கு 65, 70 போதும். உப்பு பொலபொலவென்று இருக்கும்போதே விதை பூத்துப்போகும்.

விதை மடங்கினால் காயவைக்கும் முறையை மாற்றுங்கள். சதையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சல்லடையில் வடித்து, வலை அல்லது முறத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். டிஷ்யூவிலும் செய்தித்தாளிலும் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், அடிப்பக்கம் காயாது. காற்றாடிக்கு நேராக வைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை புரட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள். இதுவரை எல்லாரும் செய்வதுதான். இங்கேதான் பலர் போத்தலை மூடிவிடுகிறார்கள். காற்றாடி எவ்வளவு நேரம் ஓடினாலும், சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குக் கீழே விதை காயவே காயாது. அக்டோபர் மாதத்தில் ஒரு வாரம் காற்றாடியில் கிடந்த விதையும் மடங்கத்தான் செய்யும். ஏர்கோன் போட்டுத் தூங்கும் அறை இருந்தால் தட்டை அங்கே மாற்றுவது முதல் உதவி. ஏர்கோன் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடுவதால் அந்த அறை வெளியைவிட நன்றாகவே வறண்டிருக்கும்.

அடுத்த கட்டம் ஈரம் உறிஞ்சியோடு அடைப்பது. இதற்கு இரண்டு வழி.

சிலிக்கா ஜெல் இருந்தால் விதையின் எடைக்குச் சமமான எடை எடுத்து, துணிப்பையில் கட்டி, விதையோடு இறுக்கமான போத்தலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வையுங்கள். பிஸ்கட் பாக்கெட்டிலும் காலணிப் பெட்டியிலும் வரும் சின்னப் பொட்டலங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்தவை. நேராக எடுத்துப் போட்டால் பயனில்லை. நிறம் மாறும் வகையை வாங்கினால் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால், அல்லது ஆரஞ்சு பச்சையாகவோ வெளிறியோ போனால், அது நிரம்பிவிட்டது. ஓவனில் 110 முதல் 120 டிகிரிக்குள் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள்.

சிலிக்கா ஜெல் இல்லாவிட்டால் வறுத்த அரிசி. பச்சையாக அரிசியைப் போடுவது வீண், அரிசிக்குள்ளேயே 12, 13 சதவீதம் ஈரம் இருக்கிறது. எண்ணெய் இல்லாத குவாலியில் (வாணலியில்) மிதமான தீயில், அரிசி நன்றாகப் பொன்னிறமாகும்வரை விடாமல் கிளறுங்கள். சூடாக இருக்கும்போதே போத்தலில் கொட்டி மூடிவிடுங்கள். திறந்துவைத்து ஆறவிட்டால் ஆறுவதற்குள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும். முழுதாக ஆறிய பிறகு விதையைத் துணிப்பையில் கட்டி உள்ளே இறக்குங்கள். விதையின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு அரிசி வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒடித்துப் பாருங்கள், மடங்கினால் புதிதாக வறுத்த அரிசியை மாற்றுங்கள். விதை அதிகம் என்றால் சிலிக்கா ஜெல்தான் எளிது, ஐந்தாறு காய் விதைக்குள் என்றால் அரிசியே போதும் என்பது என் அபிப்பிராயம்.

*விதை ஒடிகிறது, ஆனாலும் போத்தல் வியர்க்கிறது*

அப்படியானால் மூடிதான் குற்றவாளி. வெறும் போத்தலில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு கரண்டி போட்டு மூடி ஒரு வாரம் சமையலறையில் வையுங்கள். நிறம் மாறினால் அந்தப் போத்தலை விதைக்கு வைக்காதீர்கள். மைலோ டின், மார்ஜரின் டப்பா, ஜிப் பை, பிளாஸ்டிக் பிஸ்கட் போத்தல் எல்லாமே மெல்ல மெல்ல ஈரத்தை உள்ளே விடும். உள்மூடியில் ரப்பர் வளையம் இருக்கும் ஜாம், ஊறுகாய்க் கண்ணாடிப் போத்தல் நல்லது. ரப்பர் விறைத்து வெடித்திருக்கிறதா, மூடி ஓரம் துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறப்பது. வெளிக்காற்று குளிர்ந்த விதைமேல் பட்டதும் நீராகப் படிந்துவிடும். முதல் நாள் இரவே வெளியே எடுத்து, மூடியைத் தொடாமல் வைத்து, மறுநாள் காலை திறங்கள். அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால் ஒரே பெரிய போத்தலுக்குப் பதில் சின்னச் சின்னப் போத்தல்களாகப் பிரித்துவிடுங்கள்.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் பொத்தான் அளவு டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள். ஒருநாள் கழித்துப் பார்த்து 40க்குக் கீழே காட்டினால் கவலை இல்லை. 50ஐத் தாண்டினால் மறுபடி உலர்த்துங்கள். 65ஐத் தொட்டால் அன்றைக்கே திறந்து காயவையுங்கள். மலிவான கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பை வைத்து ஈர மணல் பதத்துக்கு நனைத்து, கருவியோடு சேர்த்து ஒரு டப்பாவில் ஒருநாள் அடைத்துவிடுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அது ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

சாம்பல், பச்சை, கருப்புப் பூஞ்சணம், மக்கல் வாடை

முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்காதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே வைத்துத் திறங்கள், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இதை அவர்கள் செய்ய வேண்டாம்.

பூஞ்சணம் பெரும்பாலும் விதையின் கூர்முனையில், காய்க்குள் நாரோடு ஒட்டியிருந்த இடத்தில்தான் முதலில் பூக்கும். அங்கே சதைத் துணுக்கு காய்ந்து ஒட்டியிருக்கும். அதுதான் அதற்குத் தீனி. எனவே முதல் காரணம், செலவே இல்லாதது: கழுவியது போதவில்லை. வழுவழுப்பு போகாவிட்டால் சதையோடு தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து மறுநாள் காலை தேய்த்தால் கழன்றுவிடும். குளிர் நாட்டார் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பதாகப் படித்திருப்பீர்கள். நம் வெப்பத்தில் அவ்வளவு நாள் விட்டால் விதை தண்ணீரிலேயே முளை கட்டும்.

இரண்டாவது காரணம் ஈரம், அதை மேலே பார்த்தோம்.

இனி இருக்கும் விதையை என்ன செய்வது? மேலே மட்டும் லேசாகத் தூசி போலப் பூத்திருந்தால், அவற்றைத் தனியே எடுத்து ஒன்றிரண்டை உரித்துப் பாருங்கள். பருப்பு வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் விதை உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, சில நிமிடம் முக்கியெடுத்து நல்ல தண்ணீரில் அலசி, அன்றே ஊன்றுங்கள். பிளீச்சோடு வினிகரையோ வேறு கழுவும் திரவத்தையோ சேர்க்கக்கூடாது, நச்சு வாயு கிளம்பும். இப்படிக் கழுவிய விதையை மறுபடி சேமிக்க முயல வேண்டாம். பருப்பு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால், அல்லது அழுத்தினால் பொடிந்தால், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியிலும் வேண்டாம். வறுத்துச் சாப்பிடலாமே என்று நினைப்பவர்கள் தயவுசெய்து நினைக்காதீர்கள்; சேமிப்பில் வரும் சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் நஞ்சு வறுத்தாலும் போகாது.

பார்க்க நன்றாக இருக்கிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை

மனதை அதிகம் நோகடிப்பது இதுதான். விதை வெள்ளை வெளேரென்று இருக்கும், பூஞ்சணம் இல்லை, பூச்சி இல்லை. சோதனையில் முளைக்காத விதையை வெட்டிப் பார்த்துக் கீழே உள்ளதில் எது என்று பாருங்கள்.

*உள்ளே வெறும் ஓடு, அல்லது தாள் போன்ற பருப்பு*

காய் முற்றவில்லை. பாசாரில் வெட்டி பிளாஸ்டிக்கில் சுற்றி விற்கும் துண்டிலிருந்து எடுத்த விதையில் இது அடிக்கடி நடக்கும். அந்தக் காய் எவ்வளவு முற்றியது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. விதைக்கென்றால் முழுக் காயாக வாங்குங்கள். காம்பு காய்ந்து தக்கை போல இருக்க வேண்டும், தோலில் நகம் இறங்கக்கூடாது. வாங்கியதும் வெட்டாமல் மூன்று நான்கு வாரம் காற்றோட்டமான இடத்தில் வைத்திருங்கள். கொடியிலிருந்து அறுத்த பிறகும் காய்க்குள் விதை முற்றிக்கொண்டேதான் இருக்கும். சாம்பாருக்குச் சீக்கிரம் வேண்டும் என்றால் அதற்கு வேறு காய் வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிடும் பழக்கம் பூசணிக்கு அவ்வளவு சரிப்படாது. ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே காற்று இருப்பதால் நல்ல விதையும் மிதக்கும். விரலால் அழுத்திப் பார்ப்பது மேல். நடுவில் உப்பலாகக் கெட்டியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு அமுங்கினால் தள்ளிவிடுங்கள்.

*பருப்பு நிறைவாக இருக்கிறது, டிஷ்யூவில் கூழாகிவிட்டது*

விதை சேமிப்பிலேயே செத்திருக்கிறது. எங்கே காயவைத்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பிற்பகல் வெயிலில் சிமெண்டுத் தரை, தகரக் கூரை, கார் மூடி இவையெல்லாம் 50 டிகிரியைத் தாண்டிச் சுடும். ஈர விதைக்கு 38 டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்து. ஓவன், மைக்ரோவேவ், துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல்பக்கம் எதுவும் வேண்டாம். காலை வெயிலில் பத்து மணிவரை முறத்தில் வைத்து, பிறகு நிழலுக்கு மாற்றினால் போதும்.

வெயிலில் வைக்கவில்லை என்றால், ஃப்ரீசரில் வைத்தீர்களா? ஒடியாத விதையை ஃப்ரீசரில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் பனிக்கட்டியாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். நன்றாக ஒடியும் விதைக்கு ஃப்ரீசர் எந்தக் கெடுதலும் செய்யாது. உறுதியாகத் தெரியாவிட்டால் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும் போதெல்லாம் சூடேறும்.

இரண்டும் இல்லையென்றால் வயது. உரித்த பருப்பில் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும். நன்கு உலர்த்திக் குளிரில் வைத்த பூசணி விதை நான்கு முதல் ஆறு வருடம் தாராளமாக நிற்கும். சமையலறை அலமாரியில் ஈரத்தோடு இருந்தால் அடுத்த பருவத்துக்கே சந்தேகம். விதை அறிவியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு, வைக்கும் இடத்தின் வெப்பம் சுமார் ஐந்தரை டிகிரி குறைந்தாலும் இரண்டு மடங்கு. ஐஸ்பெட்டியில் இடமில்லாத வீட்டுக்காரர்களுக்கு இதில் நல்ல சேதி இருக்கிறது. ஈரத்தை நாலு சதவீதம் குறைத்துவிட்டால், குளிரில்லாமலே ஆயுள் பதினாறு மடங்காகும்.

*டிஷ்யூவில் பத்து நாள் கிடந்தும் கல் மாதிரி இருக்கிறது*

இது பெரும்பாலும் செத்த விதை இல்லை. ரொம்பக் காய்ந்துபோய்த் தண்ணீரை உள்ளே விடவில்லை. ஒருநாள் திறந்த தட்டில் வைத்து அறைக் காற்றில் கொஞ்சம் இளகவிட்டு, வட்ட ஓரத்தில், கூர்முனையைத் தொடாமல், நகவெட்டியால் ஓட்டை மட்டும் லேசாகக் கிள்ளி, எட்டு மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மறுபடி டிஷ்யூவில் வையுங்கள்.

பொடி, ஓட்டை, நூலாம்படை, ஊரும் வண்டு

வெள்ளைத் தாளில் கொட்டித் தட்டிப் பாருங்கள். மெல்லிய வலையோடு சின்னப் புழு இருந்தால் தானிய அந்துப்பூச்சி. செம்பழுப்பு வண்டென்றால் மாவு வண்டு அல்லது அதன் இனம்; இவை பக்கத்தில் இருக்கும் கோதுமை மாவு, மல்லித்தூள் டப்பாவிலிருந்துதான் பெரும்பாலும் வரும். அதனால் விதைப் போத்தலை மட்டும் துடைத்துப் பயனில்லை, அலமாரி முழுவதையும் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் வெளிர் நிறப் பேன் போல ஓடினால் அது பூஞ்சணத்தைத் தின்ன வந்தது. ஈரப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு ‘போத்தலின் உள்பக்கம் வியர்க்கிறது’ தலைப்புக்குப் போங்கள்.

ஓட்டை விழுந்தவற்றைத் தள்ளிவிட்டு, மீதியை ஒடித்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மூடிய போத்தலோடு ஃப்ரீசரில் ஒரு வாரம். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். எடுத்த பிறகு ஓர் இரவு திறக்காமல் விடுவதை மறக்க வேண்டாம்.

வேப்பிலை போடுகிறவர்கள் நிழலில் சருகாகக் காய்ந்த இலையைப் போடுங்கள். ஆயர் ஈத்தாமில் ஓர் அக்கா ஒவ்வொரு வருடமும் வாசல் மரத்திலிருந்து பறித்த கையோடு ஒரு கொத்தைப் போத்தலில் திணித்துவிடுவார். பூச்சி வரவில்லை, இலையின் ஈரத்தில் விதை பூத்துவிட்டது. சலித்த விறகுச் சாம்பல் கிடைத்தால் இன்னும் நல்லது. பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம்.

எலி, கரப்பானுக்குக் கண்ணாடிப் போத்தலைத் தவிர வேறு தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

வெட்டியதும் காய்க்குள்ளேயே முளைத்துக் கிடக்கிறது

காயை மாதக் கணக்கில் வெப்பமான மூலையில் வைத்தால் இப்படி ஆகும். முளைத்ததைச் சேமிக்க முடியாது. வேர் முனை மட்டும் வந்தவற்றை உடனே தொட்டியில் ஊன்றுங்கள். முளைக்காமல் இருப்பவற்றை அன்றே கழுவிக் காயவையுங்கள், பத்து விதைச் சோதனைக்குப் பிறகு நம்புங்கள்.

சோதனையில் முளைக்கிறது, மண்ணில் அழுகுகிறது

விதை உயிரோடுதான் இருக்கிறது, மண்தான் குளமாக இருக்கிறது. தோட்ட மண்ணை ஒரு பிடி அழுத்தித் திறங்கள். கொழுக்கட்டையாக நின்று விரலிடுக்கில் நீர் கசிந்தால் அதில் ஊன்றாதீர்கள். தேங்காய் நார்த்தூள் கலந்த மண்ணைச் சின்னக் குவளையில் போட்டு, கூரைக்கடியில் வைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் படுக்கவோ கூர்முனை கீழாகவோ ஊன்றுங்கள். மேல்மண் வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். இரண்டு நிஜ இலை வந்ததும் வெளியே மாற்றலாம். பினாங்கில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மழை குறையும் காலம். ஊன்றுவதற்கும் அதுதான் வசதி. கோலாலம்பூரில் ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும் மழை கூடுதல், அங்கே இருப்பவர்கள் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முளைத்து வெளியே வந்து, தண்டு மண்மட்டத்தில் நூலாகச் சுருங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். அந்தக் குவளை மண்ணை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

நன்றாக வளர்ந்தது, காய் மட்டும் வேறு மாதிரி

சேமிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாய்க்காய் கலப்பின விதையிலிருந்து வந்திருக்கும், அல்லது பக்கத்துத் தோட்டத்துப் பூசணியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்திருக்கும். அடுத்த முறை விதைக்கென ஒரு பெண் பூவை முந்தின மாலையே நூலால் கட்டிவைத்து, காலையில் ஆண் பூவைத் தேய்த்து மறுபடி கட்டிவிடுங்கள். காய் கசந்தால் சாப்பிடாதீர்கள், அதன் விதையையும் எடுத்துவைக்காதீர்கள். அந்தக் கசப்பு வயிற்றைப் பதம் பார்க்கும்.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

வீட்டுத் தேவைக்கு நாலு கொடி வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்த நிலை வராது. விதை முழுக்கப் போனாலும் முற்றிய ஒரு காய் வாங்கி மறுபடி ஆரம்பிக்கலாம். கீழ்க்கண்ட நிலைகளில் மட்டும் தாமதிக்காதீர்கள்.

முளைத்த நாற்றுகளில் பலவற்றில் முதல் இலையிலேயே மஞ்சள் பச்சைத் தேமல், சுருக்கம், கோணல் தெரிந்தால், விதை வழியாக வந்த வைரஸாக இருக்கலாம். பிடுங்குவதற்கு முன் படம் எடுத்து, இலையோடு ஒரு நாற்றைப் பையில் போட்டு, அருகிலுள்ள விவசாயத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள். அந்தத் தொகுதி விதையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

விற்பனைக்குப் பயிரிடுகிறவர் என்றால், கிலோக் கணக்கில் வைத்த விதையில் சோதனை ஐந்துக்குக் கீழே வந்தாலே பேசிவிடுவது நல்லது. ஒரு பருவம் நிலம் காலியாகக் கிடக்கும் நட்டத்தோடு ஒப்பிட்டால் அலைச்சல் பெரிதல்ல. பட்டர்வொர்த், கெப்பாலா பத்தாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு விவசாயத் துறையே முதல் படி.

வேறெங்கும் கிடைக்காத, தோட்டத்துக் காலத்திலிருந்து குடும்பத்தில் வரும் ரகம் உங்களிடம் இருந்து, அதில் பத்துக்கு ஒன்றோ இரண்டோதான் முளைக்கிறது என்றால், மீதி விதையை வைத்து நீங்களே பரிசோதனை செய்துகொண்டிருக்காதீர்கள். செர்டாங்கில் உள்ள மார்டி என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மரபணு வங்கி இருக்கிறது, அங்கே தொடர்புகொண்டு ஆலோசனை கேளுங்கள். பதில் வரும்வரை இருக்கும் விதையை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு போத்தலில், முடிந்தால் வெவ்வேறு வீட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

விதை தீர்ந்துபோய் ஊரிலிருந்து உறவினரிடம் கொண்டுவரச் சொல்வதானால், வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை. அவை இல்லாவிட்டால் நுழைவாயிலில் அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள். பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்வதற்கு முன்பே விவசாயத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.